கேனான் என்னும் பேரேடு

முதலில் ஒரு கேள்வி. ஸ்டார் வார்ஸ் படத்தில் டார்த் வேடர் வரும் 'எக்ஸிக்யூட்டர்' என்கிற ராட்சச விண்கப்பலின் நீளம் எத்தனை கிலோமீட்டர்?

ஸ்டூடியோவில் செய்த ஒரு மாடலுக்கு நீளம் என்ன, அகலம் என்ன என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் இந்த ஒரு எண்ணுக்காக வளர்ந்த மனிதர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள். சண்டை போட்டு ஜெயித்தும் இருக்கிறார்கள். அந்தக் கதைக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். அதற்கு முன் 'கேனான்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். கேமரா கம்பெனி இல்லை நண்பர்களே, இது வேறு கேனான்.

கிறிஸ்தவ சமயத்தில் எந்தெந்த நூல்கள் வேதத்தில் சேர்த்தி, எவை வெளியே என்று வகுத்த பட்டியலுக்குக் கேனான் என்று பெயர். அந்தச் சொல்லைக் கதைப் புத்தகங்களின் பக்கம் இழுத்து வந்தது ஒரு கிண்டல்தான். 1911-ல் ரொனால்ட் நாக்ஸ் என்பவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அந்தக் காலத்தில் பைபிளை வரி வரியாகப் பிரித்து "இது ஒருவர் எழுதியது, இது பிற்காலத்தில் இன்னொருவர் சேர்த்தது" என்று ஆராய்வது பல்கலைக்கழகங்களில் பெரிய ஃபேஷன். அதே முறையை ஹோம்ஸ் கதைகளின் மேல் ஏவி, இந்தக் கதை வாட்சன் எழுதியதா, போலி வாட்சன் எழுதியதா என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு அலசினார் நாக்ஸ். நோக்கம் ஆராய்ச்சியாளர்களைக் கேலி செய்வது. ஆனால் கேட்டவர்களுக்கு விளையாட்டே பிடித்துப்போய்விட்டது. கோனான் டாயிலே நாக்ஸுக்குக் கடிதம் எழுதினார். (கோனானின் கேனான். நானாகச் சொல்லவில்லை, அப்படி அமைந்துவிட்டது.)

விளையாடத் தோதான இடமும் அது. 1887-ல் வந்த முதல் நாவலில் வாட்சனுக்குத் தோளில் குண்டுக் காயம். 1890-ல் வந்த இரண்டாவது நாவலில் காயம் காலுக்கு இறங்கிவிட்டது. வாட்சனின் பெயர் ஜான். ஆனால் ஒரு கதையில் அவர் மனைவி அவரை ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறார். டாயில் மறந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால் ரசிகர்கள் அப்படி விடுவார்களா? துப்பறியும் கதை எழுதிய டாரதி சேயர்ஸ் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். வாட்சனின் பெயருக்கு நடுவில் ஒரு 'ஹெச்' இருக்கிறது, அது 'ஹாமிஷ்', ஸ்காட்லாந்தில் ஹாமிஷ் என்றால் ஜேம்ஸ், ஆகவே மனைவி செல்லமாக அப்படிக் கூப்பிட்டார்! நம்மூரில் பட்டிமன்றத்தில் பேசியிருந்தால் கைதட்டல் அள்ளியிருப்பார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஹோம்ஸ் கேனானில் 4 நாவல், 56 சிறுகதை, மொத்தம் 60. பட்டியல் மூடியாகிவிட்டது. எது கணக்கில் சேரும் என்று கம்பெனி எதுவும் அறிக்கை விடவில்லை, வாசகர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். சண்டை எல்லாம் உள்ளே இருக்கிற முரண்களைப் பற்றி மட்டும். ஸ்டார் வார்ஸில் நிலைமை வேறு. அங்கே பட்டியலே ஒருவருடைய சொத்து, அதைத் திறக்கவும் மூடவும் சாவி அவர் கையில். வணிகவியல் படிக்கிற எனக்கு இந்தக் கதை சுவாரசியப்பட்டதற்குக் காரணமும் அதுதான்.

1977 மே மாதம் படம் வெளியானது. அதற்கு முன்பே, 1976 கடைசியில், படத்தின் நாவல் வடிவம் கடைக்கு வந்துவிட்டது. அட்டையில் ஜார்ஜ் லூகாஸ் பெயர். எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். 1978-ல் ஃபாஸ்டர் தன் சொந்தப் பெயரிலேயே இன்னொரு நாவல் எழுதினார். படம் சுமாராக ஓடினால் குறைந்த செலவில் இரண்டாம் பாகம் எடுக்க உதவும் என்று யோசித்து வைத்த கதை அது. அதில் ஹான் சோலோ கிடையாது, காரணம் ஹாரிசன் ஃபோர்டு அடுத்த படத்துக்கு அப்போது ஒப்பந்தம் போடவில்லை. லூக்கும் லேயாவும்தான் ஜோடி. இருவருக்கும் நடுவே காதல் வாடை தாராளமாகவே வீசும்.

1983-ல் மூன்றாவது படம் வந்து, லூக்கும் லேயாவும் இரட்டைப் பிள்ளைகள், அண்ணன் தங்கை என்று சொல்லிவிட்டது. அடடா! காசு கொடுத்து வாங்கிப் படித்த அந்த நாவலை இப்போது என்ன செய்வது? கேனான் பிரச்சினையின் முழு வடிவமும் இந்த ஒரு இடத்திலேயே இருக்கிறது. உரிமையாளர் அனுமதி கொடுத்து, முத்திரை குத்தி விற்ற ஒரு பொருளை, அதே உரிமையாளர் ஐந்து வருடம் கழித்துப் பொய்யாக்கிவிட்டார்.

அதே காலத்தில் மார்வல் காமிக்ஸ் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஜாக்ஸன் என்று ஒரு பச்சை முயல், துப்பாக்கியோடு. ஆளுயர முயல் ஸ்டார் வார்ஸில் உண்டா இல்லையா என்று கேட்டால் பழைய ரசிகர்கள் இன்றும் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். நான் முயல் கட்சி.

எண்பதுகளின் நடுவில் எல்லாம் அடங்கிப்போனது. படம் முடிந்தது, காமிக்ஸ் 1986-ல் நின்றது. அப்போது விளக்கை அணையாமல் காத்தது ஒரு விளையாட்டுக் கம்பெனி. 1987-ல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ், ஸ்டார் வார்ஸ் உலகத்தில் நண்பர்கள் கூடி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் ஒரு விளையாட்டை வெளியிட்டது. விளையாட்டு என்றால் விவரம் வேண்டும். மதுக்கடைக் காட்சியில் மூலையில் நிற்கிற பிராணி என்ன இனம், எந்தக் கோள், கப்பல் எவ்வளவு நீளம் என்று எல்லாவற்றுக்கும் பெயரும் எண்ணும் போட்டுப் புத்தகம் அடித்தார்கள். பிறகு டிமதி ஸான் என்ற எழுத்தாளரிடம் புதிய நாவல்கள் கேட்டபோது லூகாஸ்ஃபிலிம் அவருக்குத் துணை நூலாக அனுப்பி வைத்தது இந்த விளையாட்டுப் புத்தகங்களைத்தான்.

ஸானின் முதல் நாவல் 1991-ல் வந்தது. நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதல் இடம். சினிமா முடிந்து எட்டு வருடமாகியும் கூட்டம் கலையவில்லை என்பது அப்போதுதான் கம்பெனிக்கே உறைத்தது. நீலத்தோல் தளபதி த்ரான், மாரா ஜேட் இருவரும் அந்த வரிசையில் பிறந்தவர்கள். பேரரசின் தலைநகர்க் கோளுக்கு 'கொரசாண்ட்' என்று பெயர் வைத்ததும் ஸான்தான். 1999-ல் வந்த லூகாஸின் புதிய படத்தில் அதே பெயர் இருந்தது. அதாவது, கீழேயிருந்து மேலேயும் சரக்குப் போகும்.

அதற்குப்பின் வெள்ளம்தான். நாவல், காமிக்ஸ், கணினி விளையாட்டு என்று நூற்றுக்கணக்கில் வந்தன. 'விரிந்த பிரபஞ்சம்' என்று பொருள்படும் பெயரில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அழைத்தார்கள். ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க லூகாஸ்ஃபிலிமில் ஆட்கள் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். இருந்தாலும் முட்டியது. ஸான் நாவல்கள் வந்துகொண்டிருந்த அதே சமயத்தில் 'டார்க் எம்பயர்' என்ற காமிக்ஸ், செத்துப்போன சக்கரவர்த்தியைக் குளோன் உடலில் உயிரோடு கொண்டுவந்தது. ஸானுக்கு இது பிடிக்கவில்லை. 1998-ல் வந்த தன் நாவலில், திரும்பி வந்தது நிஜமாகவே அந்தச் சக்கரவர்த்திதானா என்று மாரா ஜேட் வாயால் ஒரு சந்தேகத்தைக் கிளப்பி வைத்தார். கதைக்குள்ளேயே ஆட்சேபணை மனு! இதை நான் ரொம்ப ரசித்தேன்.

சரி, இப்போது கப்பலுக்கு வருவோம். விளையாட்டுப் புத்தகங்கள் 'எக்ஸிக்யூட்டர்' நீளம் 8 கிலோமீட்டர் என்றன. அதாவது சாதாரண 'ஸ்டார் டெஸ்ட்ராயர்' 1.6 கிலோமீட்டர், இது அதைப்போல ஐந்து மடங்கு. ஆனால் படத்தைப் பார்த்தவர்களுக்கு இடித்தது. இரண்டு கப்பலும் பக்கத்துப் பக்கத்தில் வரும் காட்சிகளை நிறுத்தி, அளந்து பார்த்தால் ஐந்து மடங்கு இல்லை, பதினொன்றுக்கும் மேலே வருகிறது. இதை விடாப்பிடியாக வாதாடியவர்களில் முக்கியமானவர் கர்ட்டிஸ் சாக்ஸ்டன், வானியற்பியல் படித்தவர். ஒவ்வொரு காட்சியாக எடுத்து, எந்தக் கோணம், எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு எழுதினார். எதிர்க்கட்சியின் வாதம் எளிமையானது: அச்சில் 8 என்று இருக்கிறது, கம்பெனி முத்திரை இருக்கிறது, உங்கள் கண்ணை விட முத்திரை பெரியது. இடையில் 12.8 என்று ஒரு எண்ணும் அதிகாரபூர்வமாகவே தலைகாட்டியது (யாருக்கும் திருப்தி தராத சமரசம்). கடைசியில் லூகாஸ்ஃபிலிமே 19 கிலோமீட்டர் என்று ஏற்றுக்கொண்டது. சாக்ஸ்டனுக்கு 2002-ல் அதிகாரபூர்வமான ஸ்டார் வார்ஸ் கப்பல் புத்தகம் எழுதும் வாய்ப்பும் வந்தது.

பைத்தியக்காரத்தனம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். எனக்கு இது ஒரு ஆடிட் மாதிரி தெரிகிறது. பேரேட்டில் இருப்பு 8 என்று எழுதியிருக்கிறது, குடோனில் போய் எண்ணினால் 19 இருக்கிறது. எதை நம்புவது? இதற்கு எங்கள் பாடத்தில் விடை ஒன்றுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2002-ல் வந்த படத்தில் குளோன் படை தயாராகும் காட்சியில், 2 லட்சம் 'யூனிட்' தயார், இன்னும் 10 லட்சம் வரும் என்று ஒரு வசனம். யூனிட் என்றால் ஒரு ஆளா, ஒரு படைப்பிரிவா? படம் சொல்லவில்லை. குளோன் வீரர்களைப் பற்றி நாவல்கள் எழுதிய கேரன் ட்ராவிஸ், மொத்தப் படையே 30 லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டார். ரசிகர்கள் கால்குலேட்டரை எடுத்தார்கள். அந்த அண்டத்தில் பத்து லட்சம் உறுப்பு உலகங்கள் என்று பழைய புத்தகங்கள் சொல்கின்றன. அப்படியானால் ஒரு கோளுக்கு மூன்று பேர்! இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் மட்டும் 25 லட்சம் பேர் இருந்தார்கள். இந்த ஒரு எண்ணால் எழுத்தாளருக்கும் ஒரு பகுதி ரசிகர்களுக்கும் நடுவில் பேச்சு ரொம்பத் தடித்துப்போனது. கணக்கில் ரசிகர்கள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கணக்கு சரியாக இருப்பது ஒருவரை வசைபாட லைசென்ஸ் ஆகாது. எண்ணை விட்டுவிட்டு எழுதியவரின் மேல் பாய்ந்தபோது அந்த விவாதம் செத்துப்போனது.

இப்படி முட்டல் பெருகப் பெருகக் கம்பெனிக்கு ஒரு ஒழுங்கு தேவைப்பட்டது. 2000-ல் லீலண்ட் சீ என்பவர் லூகாஸ்ஃபிலிமுக்குள் 'ஹோலோக்ரான்' என்று ஒரு தரவுத்தளம் தொடங்கினார். பாத்திரம், கோள், கப்பல், ஆயுதம் என்று பல்லாயிரம் பதிவுகள். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தரம். 'ஜி' என்றால் ஜார்ஜ், அதாவது லூகாஸின் படங்கள், இது எல்லாவற்றுக்கும் மேல். பிற்பாடு தொலைக்காட்சித் தொடர் வந்தபோது 'டி' அடுத்த படிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. 'சி' என்பது நாவல், காமிக்ஸ். 'எஸ்' என்பது பழைய சரக்கு, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். 'என்' என்றால் கணக்கில் சேராது. இரண்டு மோதினால் மேல்தரம் ஜெயிக்கும், கீழ்தரம் வளைந்து கொடுக்க வேண்டும்.

பேரேடு என்றால் இதுதான் பேரேடு. ஆனால் இதில் ஒரு வியாபார சூட்சுமம் இருக்கிறது. 'சி' என்றாலும் அதுவும் கேனான்தான் என்பதுதான் ரசிகர்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி. அதாவது, இந்த நாவலை வாங்கினால் வெறும் கதை வாங்கவில்லை, நிஜமாக நடந்ததை வாங்குகிறீர்கள். 1999-ல் வந்த ஒரு நாவலில் செவ்பாக்காவைக் கொன்றார்கள். ஹான் சோலோவின் மகனைக் காப்பாற்றப் போய், ஒரு நிலவே மேலே விழுந்து இறந்துபோகிறது அந்த முடிக்காட்டு ஜீவன். கொல்லச் சொன்னது மேலிடம், எழுதிய சால்வடோருக்கு வந்து சேர்ந்ததோ வசை. ஆனால் யோசித்துப் பாருங்கள், 'இது சும்மா ஒரு கதை, நிஜக் கணக்கில் இல்லை' என்று யாராவது நினைத்திருந்தால் ஒருவர்கூட அழுதிருக்க மாட்டார்கள். அந்த அழுகைக்குத்தான் விலை. கேனான் என்ற முத்திரை அந்த விலையை உண்டாக்கியது.

லூகாஸுக்கு மட்டும் இந்த விதி எதுவும் கிடையாது. நாவல்கள் வேறு ஒரு உலகம், என் உலகம் படங்கள் மட்டும் என்கிற தொனியில் பேட்டிகளில் பேசியிருக்கிறார். தன் படங்களையே மாற்றவும் செய்தார். 1997 ஸ்பெஷல் எடிஷனில், மதுக்கடையில் ஹான் சோலோ கிரீடோவை முந்திக்கொண்டு சுடும் காட்சியில், கிரீடோ முதலில் சுடுவதாக மாற்றிவிட்டார். 2004 டிவிடியில் மறுபடி ஒரு திருத்தம். 2019-ல் டிஸ்னி பிளஸில் வந்த பிரதியில் கிரீடோ வாயில் புதிதாக ஒரு சொல்வேறு. இந்த மாற்றத்தால் ஹானின் குணமே மாறுகிறது. முன்னால் சுடுகிறவன் ஒரு வகை ஆள், திருப்பிச் சுடுகிறவன் வேறு வகை ஆள். தன் நலத்துக்காகத் தயங்காமல் சுடுகிறவன் கடைசியில் நண்பனுக்காகத் திரும்பி வருவதுதானே படத்தின் அழகு. இதில் இன்னொரு வேடிக்கை: 1988-ல் இதே லூகாஸ் அமெரிக்க காங்கிரஸ் முன் சாட்சி சொல்லியிருக்கிறார். எதற்கு? பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசுவது போன்ற வேலைகளால் கலைப்படைப்புகளைச் சிதைக்கக் கூடாது என்று வாதாட! அதை எடுத்த கலைஞர் தானே மாற்றினால் பரவாயில்லை என்று அவர் பக்கம் ஒரு பதில் உண்டு. பார்த்தவர்கள் பக்கம் அந்தப் பதில் எடுபடவில்லை.

2008-ல் தொடங்கிய 'குளோன் வார்ஸ்' தொலைக்காட்சித் தொடர் 'சி' தரத்தை இன்னும் நசுக்கியது. ட்ராவிஸ் தன் நாவல்களில் மாண்டலோரியர்கள் என்ற போர்வீர இனத்துக்கு மொழி, பழக்கவழக்கம் என்று ஒரு பண்பாட்டையே கட்டி வைத்திருந்தார். தொடரோ அவர்களை அமைதிவாதிகளாக ஆக்கிக் காட்டத் தயாரானது. மேல்தரம் ஜெயிக்கும் என்பதுதான் விதி. 2009-ல் ட்ராவிஸ் ஸ்டார் வார்ஸ் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். தரப் பட்டியலில் ஒரு எழுத்து கீழே இருப்பதன் அர்த்தம் என்ன என்பது அப்போது பலருக்குப் புரிந்தது.

2012 அக்டோபர் 30. லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி சுமார் 405 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவிப்பு. பாதி ரொக்கம், பாதி பங்குகள். இந்தத் தொகைக்கு என்ன வாங்கினார்கள்? கட்டடமா, கேமராவா? பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத சொத்து. அதில் ஒரு பகுதியை நாங்கள் 'நற்பெயர்' என்று ஐந்தொகையில் எழுதுவோம். ப்ளஸ் டூவில் நற்பெயரை மதிப்பிடும் கணக்கு போட்டபோது எனக்கு அது வெறும் ஃபார்முலா. முப்பத்தைந்து வருடம் கப்பலின் நீளத்தை அளந்துகொண்டிருந்த அந்தக் கூட்டம்தான் நற்பெயர் என்று இப்போது தோன்றுகிறது.

2014 ஏப்ரல் 25 அன்று அறிக்கை வந்தது. இனி கேனான் என்பது ஆறு படங்களும் 'குளோன் வார்ஸ்' படமும் தொடரும், இனிமேல் வரப்போகிறவையும் மட்டும். இதுவரை வந்த நாவல், காமிக்ஸ், விளையாட்டு எல்லாம் 'லெஜண்ட்ஸ்'. அதாவது, கர்ண பரம்பரைக் கதைகள்! மாரா ஜேட் இல்லை. ஹான் சோலோவின் மூன்று பிள்ளைகள் இல்லை. நிலவு விழுந்து இறந்த செவ்பாக்கா மறுபடி உயிரோடு.

கம்பெனி பக்கம் நியாயம் இருக்கிறது. புதுப் படம் எடுக்கப் போகிறவர்கள் நூற்றுக்கணக்கான நாவல்களைப் படித்துவிட்டு, அதில் வராத மூலையைத் தேடி அங்கே கதை எழுத முடியாது. 2015-ல் படம் பார்க்க வந்த கோடிக்கணக்கானவர்களுக்கு மாரா ஜேட் யாரென்றே தெரியாது. செவ்பாக்கா இல்லாத ஸ்டார் வார்ஸ் படத்தை எந்தத் தயாரிப்பாளர் எடுப்பார்? சொத்தின் உரிமையாளர் அதைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார், சட்டப்படி ஒரு குறையும் கிடையாது.

ஆனாலும் கோபப்பட்டவர்களை "போய் வேலையைப் பாருங்கள், அது வெறும் கதை" என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஏனென்றால் 'வெறும் கதை இல்லை' என்பதைச் சொல்லித்தானே இருபது வருடம் விற்றார்கள். ஒரு நாவல் மட்டும் படித்தவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை, கதை நன்றாக இருந்தால் சரி. ஆனால் எல்லாம் ஒரே வரலாறு என்று நம்பி எண்பது, நூறு புத்தகம் சேர்த்தவர் வாங்கியது கதைகளை மட்டும் அல்ல, அவற்றை இணைக்கிற நூலையும் சேர்த்து. கம்பெனி அறுத்தது அந்த நூலை. புத்தகத்தைப் பிடுங்கவில்லையே, அலமாரியில்தானே இருக்கிறது என்ற பதிலில் இந்த வித்தியாசம் விடுபட்டுப் போகிறது. பழைய கதைகளைத் தொடரச் சொல்லி ரசிகர்கள் காசு சேர்த்து 2016-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் விளம்பரப் பலகையே வைத்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அதே 2016-ல் த்ரான் 'ரெபல்ஸ்' தொடரில் கேனானுக்குள் திரும்பி வந்தார். அவரைப் பற்றி மறுபடி நாவல் எழுத மறுபடி ஸானையே அழைத்தார்கள். 2019 படத்தில் செத்துப்போன சக்கரவர்த்தி திரும்பி வந்தார், குளோன் சமாச்சாரத்தோடு. டார்க் எம்பயர் காமிக்ஸை எது காரணம் காட்டிக் கேலி செய்தார்களோ, அதுவே கோடிக்கணக்கான டாலர் செலவில் முதல் தரக் கேனான் ஆனது. ரைட் ஆஃப் செய்த சரக்கைப் பின்வாசல் வழியாக எடுத்து முன்வாசலில் புது விலை ஒட்டி வைப்பது போல.

ரசிகர்கள் பக்கத்திலும் அசிங்கம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 2024-ல் 'அகோலைட்' தொடரில் கி-அடி-முண்டி என்ற ஜெடாய் சில நிமிடம் தலைகாட்டினார். பழைய, இப்போது லெஜண்ட்ஸ் பக்கம் போய்விட்ட ஒரு குறிப்பின்படி பார்த்தால் கதை நடக்கும் காலத்தில் அவர் பிறந்திருக்கவே கூடாது. புதிய கேனானில் அவருடைய பிறந்த வருடம் எங்கும் சொல்லப்படவில்லை. ரசிகர்களின் கலைக்களஞ்சியத்தில் இதற்கேற்ப விவரத்தைத் திருத்தியவர்களுக்குக் கொலை மிரட்டல் வந்தது. சம்பளம் இல்லாமல் ஆசைக்காகத் தகவல் சேர்க்கிற ஆட்களுக்கு! ஹாமிஷ் விளக்கம் கண்டுபிடித்துச் சிரித்த காலத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் பாருங்கள். முரணைக் கண்டால் இட்டு நிரப்பிப் பார்ப்பது விளையாட்டு. முரணைக் கண்டால் ஆளை அடிப்பது என்ன விளையாட்டு?

இப்போது ஃபாஸ்டர். 1976-ல் லூகாஸ் பெயரில் முதல் நாவலை எழுதியவர். 2020 நவம்பரில் அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் சங்கம் அவர் சார்பாக வெளிப்படையாக ஒரு புகாரை வைத்தது. அவர் புத்தகங்கள் விற்றுக்கொண்டிருக்கின்றன, ராயல்டி வருவது நின்றுவிட்டது. சங்கம் சொன்னபடி பார்த்தால், டிஸ்னி தரப்பு வாதம் இதுதான்: ஒப்பந்தத்தின் உரிமைகளை நாங்கள் வாங்கினோம், கடமைகளை வாங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் திகைத்துப்போனேன். சொத்துகள் ஒரு பக்கம், பொறுப்புகள் ஒரு பக்கம் என்று முதல் வகுப்பிலேயே கோடு போட்டுக் காட்டுவார்கள். அதில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியும் என்று எந்தப் பேராசிரியரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை :-) விஷயம் வெளியே வந்த பிறகு ஃபாஸ்டரின் பிரச்சினை பேசித் தீர்க்கப்பட்டது. மற்ற எழுத்தாளர்களுக்கும் பாக்கி இருக்கலாம் என்று 2021-ல் பல எழுத்தாளர் சங்கங்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தன.

கேனான் சண்டைகளைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு நான் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். 2014-ல் வாசகரிடம் சொன்னது: உங்களுக்கு நாங்கள் சொன்ன கதை எங்களுடையது, அதை நம்பியது உங்கள் பாடு. 2020-ல் எழுத்தாளரிடம் சொன்னது: நீங்கள் எழுதிய கதை எங்களுடையது, கொடுத்த வாக்கு பழைய முதலாளியின் பாடு. வார்த்தை வேறு, கணக்கெழுதும் கை ஒன்றுதான்.

2021-ல் இன்னொன்றும் நடந்தது. லெஜண்ட்ஸ் நாவல்களில் முக்கியமானவற்றைப் புது அட்டை போட்டு ஒரு வரிசையாக மறுபடி அச்சிடத் தொடங்கினார்கள். முதல் தொகுதியில் ஸானின் அந்த 1991 நாவலும் உண்டு. அட்டையில் 'லெஜண்ட்ஸ்' என்ற முத்திரையும் இருக்கிறது. கணக்கில் இல்லாத சரக்குதான், ஆனால் விலை போட்டுத்தான் விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.